இருநூறு நிமிடத்தில் ஒரு பங்கு

இருநூறு. கூடைப்பந்தாட்ட அணியில் பெயர் இருந்தும் வாங்கிலேயே குந்தியிருக்கிற பிள்ளை முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய எண் இதுதான். சர்வதேச விதிப்படி ஓர் ஆட்டம் பத்துப் பத்து நிமிடமாக நான்கு கால்பகுதி, மொத்தம் 40 நிமிடம். தளத்தில் ஒரு நேரம் நிற்பவர்கள் 5 பேர். பெருக்கினால் 200 நிமிடம். பயிற்றுநரின் கையிருப்பு அவ்வளவுதான். ஆட்டம் சமநிலையில் முடிந்து மேலதிகமாக ஐந்து நிமிடம் போனாலொழிய அதற்கு மேல் ஒரு நிமிடமும் அவரிடம் கிடையாது.

அணியில் பெயர் கொடுக்கக்கூடியவர்கள் 12 பேர். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 16 நிமிடம் 40 வினாடி வரும். எந்தப் பயிற்றுநரும் அப்படிப் பிரிப்பதில்லை. முதல் ஐவர் ஆளுக்கு 30 நிமிடம் ஆடினாலே 150 போய்விடும். மிச்சம் 50. அதில் ஆறாவது ஆள் 20, ஏழாவது ஆள் 15, எட்டாவது ஆள் 10 என்று எடுத்துக்கொண்டால், கடைசி நான்கு பேருக்கும் சேர்த்து 5 நிமிடம்.

என் அக்காவின் மகன் அந்த நான்கு பேரில் ஒருவன். உயர்தரம் படிக்கிறான், நல்ல உயரம். மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் இந்தக் கணக்கைப் பழைய பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டியபோது அவன் கேட்டது நியாயமான கேள்வி.

“அப்ப மாமா, எனக்கு நேரம் வேணுமெண்டா வேற ஒருத்தன்ர நேரம் குறையவேணும். அப்பிடித்தானே?”

அப்படியேதான். ஆகவே, “நான் நல்லா விளையாடுறனா?” என்ற கேள்வி பாதிக் கேள்வி. யாருடைய நிமிடம், எப்போது, எதனால் காலியாகிறது என்பது மற்றப் பாதி. அதைப் பார்க்க வாங்கை விட நல்ல இடம் கிடையாது.

காலியாகும் வழிகள் சிலவே. ஒன்று ஃபவுல். ஐந்து ஃபவுல் செய்தவர் அன்றைய ஆட்டத்திலிருந்து வெளியே. ஆனால் பயிற்றுநர் ஐந்தாவது வரை காத்திருக்க மாட்டார். முதல் கால்பகுதியிலேயே இரண்டு வாங்கிவிட்டவனைப் பெரும்பாலும் உடனே வெளியே எடுத்துவிடுவார், பிற்பாதிக்கு அவன் வேண்டும் என்பதால். இன்னொன்று மூச்சு. மூன்றாம் கால்பகுதியின் நடுவில் இடுப்பில் கைவைத்து நிற்பவனைக் கவனி, அவனுடைய நிமிடம் கரைந்துகொண்டிருக்கிறது. மற்றது பந்தைத் தொடர்ந்து பறிகொடுப்பது. எதிரணி ஆள் மாற்றியதும் நம் பக்கத்தில் ஒருவர் அவருக்கு ஈடுகொடுக்க முடியாமல் போவது இன்னொரு வழி. உன் அணியில் யாருக்கு ஃபவுல் கூடுதலாக விழுகிறது, யார் முதலில் களைக்கிறார் என்று உனக்குத் தெரிந்திருந்தால், அந்த இருவரின் இடத்திலும் ஆடப் பழகியிருந்தால், உனக்குக் கதவு இரண்டு. ஓரிடத்தில் மட்டுமே ஆடத் தெரிந்தவனுக்கு ஒன்றுதான்.

மருமகனுக்கு இதில் அவ்வளவு சுவாரசியம் இல்லை. அவனுடைய திட்டம் வேறு. பயிற்சியில் நிறையக் கூடை போட்டுக் காட்டினால் சேருக்குக் கண்ணில் படும், இறக்கிவிடுவார் என்பது. பதினேழு வயதில் எல்லோருக்கும் இருக்கும் திட்டம் இது. இதில் எங்கே ஓட்டை என்று பார்க்க இன்னுமொரு சின்னக் கணக்குப் போட்டோம்.

தளத்தில் பந்து ஒன்று. நாற்பது நிமிடத்தில் ஏறக்குறையப் பாதி நேரம் நம்மிடம், பாதி நேரம் அவர்களிடம். நம்முடைய இருபது நிமிடத்தை ஐந்து பேர் பங்கிட்டால், முழு ஆட்டம் ஆடும் ஒருவன் கையில் பந்து இருப்பது நான்கு நிமிடம். பந்தைக் கொண்டுவருகிற கார்டுக்கு இதைவிடக் கூட, மற்றவர்களுக்கு இதைவிடக் குறைவு. மீதி 36 நிமிடமும் பந்தில்லாமல்தான். நம் பிள்ளைகள் தனியாகப் பழகுவதெல்லாம் அந்த நான்கு நிமிடத்தை. பயிற்றுநர் தலைக்குள் ஓடிக்கொண்டிருப்பது மற்ற முப்பத்தாறு.

அவர் நிலையில் இருந்து யோசிக்க வேண்டும். ஆட்டம் 31க்கு 28. மூன்று புள்ளி முன்னால். முக்கியமான ஆள் களைத்துவிட்டான். வாங்கைத் திரும்பிப் பார்க்கிறார். அவர் தேடுவது இன்னும் பத்துப் புள்ளி போட்டுத் தருகிறவனை அல்ல. நாலு நிமிடத்துக்கு அந்த மூன்று புள்ளியைக் கெடுக்காமல் வைத்திருக்கக்கூடியவனை. மாற்று வீரனை இறக்கும் பயிற்றுநரின் மனதில் ஆசையை விடப் பயம்தான் அதிகம். அந்தப் பயத்தை எவன் போக்குகிறானோ அவன் பெயர் முதலில் வரும்.

பயம் போக்குவது என்றால் என்ன? முதலாவது, தடுப்பு. தடுப்பு என்றதும் பந்தைத் தட்டிப் பறிப்பதை நினைக்கிறார்கள். அது சில தடவை நடக்கும், பல தடவை ஃபவுலில் முடியும். அன்றாடத் தடுப்பு என்பது உன் ஆளுக்கும் வளையத்துக்கும் நடுவில் கால்களைக் குறுக்காகப் போடாமல் சறுக்கி நகர்வது. உன் ஆளிடம் பந்து இல்லாதபோது இரண்டு எட்டு உள்ளே வந்து நின்று, ஏமாந்துபோன கூட்டாளிக்கு உதவுவது. பந்து திரும்பி உன் ஆளிடம் போனால் கையை உயர்த்தி ஓடிப்போவது. இதில் ஒருவன் சோர்ந்தால் மற்ற நால்வரின் உழைப்பும் வீண். கரைவலை இழுக்கிற இடத்தில் நின்று பார்த்திருக்கிறான் மருமகன். இரண்டு பக்கக் கயிறும் ஒரே கணக்கில் ஏறவேண்டும், ஒரு பக்கம் தளர்ந்தால் மீன் அந்தப் பக்கத்தால் போய்விடும். “சம்மாட்டி கத்துறது அதுக்குத்தானே” என்றான். அதே கத்தல் தளத்திலும் வேண்டும். ‘இடப்பக்கம் ஸ்க்ரீன் வருது’, ‘நான் பின்னால நிக்கிறன்’, ‘கட்டர் ஓடுறான்’ என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறவன் கூட்டாளிகளுக்குப் பின்பக்கத்தைப் பார்க்கக் கண் கொடுக்கிறான். இதற்கு உயரமும் வேண்டாம், திறமையும் பெரிதாக வேண்டாம். ஆனாலும் பாடசாலை அணிகளில் பத்துக்கு எட்டுப் பேர் ஊமையாகத்தான் ஆடுகிறார்கள். கூச்சம் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, ரிபவுண்ட். பந்து வளையத்தில் பட்டுத் தெறித்ததும் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். அந்த நேரம் பந்தைப் பார்க்காமல் உன் ஆளைத் தேடி, முதுகை அவன் நெஞ்சில் வைத்து, இடுப்பைத் தாழ்த்தி இடம்பிடிக்கவேண்டும். பந்து உன் கைக்கு வராவிட்டாலும் அவன் கைக்குப் போகாது. அமெரிக்காவின் டெனிஸ் ரொட்மன் என்.பி.ஏ.யில் சராசரியாக ஆட்டத்துக்கு 7.3 புள்ளிதான் எடுத்தவர். நட்சத்திரக் கணக்கில் அது ஒன்றுமில்லை. ஆனால் 1992 முதல் 1998 வரை தொடர்ந்து ஏழு பருவம் ரிபவுண்டில் முதலாமவர், ஐந்து சாம்பியன் பட்டம் வென்ற அணிகளில் ஆடியவர், 2011இல் புகழ்மண்டபத்திலும் சேர்க்கப்பட்டவர். உயரம் ஆறடி ஏழங்குலம் என்பார்கள். அவர் மோதிய ஆட்களில் பலர் அதைவிடப் பெரியவர்கள். தலைமயிருக்கு அடித்த நிறங்களை விட்டுவிட்டு, இடம்பிடிப்பதை மட்டும் அவரிடம் படிக்கலாம்.

புள்ளி போடாதவன் அணிக்கு உதவினானா என்று எப்படி அறிவது? ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். ஒருவன் தளத்துக்குள் இறங்கும்போதும் வெளியே வரும்போதும் இரு அணிகளின் புள்ளியையும் குறித்துக்கொள். 31-28இல் இறங்கி 37-38இல் வெளியே வந்தவன் ஆறு புள்ளியும் தானே போட்டிருக்கலாம், கைதட்டலும் வாங்கியிருப்பான். அந்த நேரத்தில் எதிரணி பத்து எடுத்திருக்கிறது, அவன் கணக்கு மைனஸ் நாலு. அதன்பின் 37-38இல் இறங்கி 43-40இல் வந்தவன் ஒரு புள்ளியும் போடாவிட்டாலும் பிளஸ் நாலு. ஓர் ஆட்டத்தை வைத்து முடிவு கட்டக்கூடாது, கூட ஆடியவர்கள் யார் என்பதிலும் நிறைய இருக்கிறது. ஆனால் ஒரு பருவம் முழுக்க எழுதினால் சில பெயர்களுக்கு எதிரே பிளஸ் திரும்பத் திரும்ப விழும். வாங்கில் இருக்கிற பிள்ளை அந்தக் கொப்பியைத் தானே எழுதினால், ஆட்டத்தைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும்.

இனி நம்முடைய இடத்துக்கென்று உள்ள ஒரு சங்கதி. மன்னார்த் தீவில் காற்றைக் கணக்கில் எடுக்காமல் எதையும் செய்ய முடியாது. தீவின் தென்கரையோரம் 2020 டிசம்பரில் தொடங்கிவைத்த தம்பபவனி காற்றாலை, 30 கோபுரங்களோடு அங்கே நிற்பது சும்மா இல்லை. கொழும்பில் பெரிய ஆட்டங்கள் கூரையுள்ள அரங்குக்குள் நடக்கின்றன. வெட்டவெளிச் சீமெந்துத் தளத்தில் பழகுகிற பிள்ளைக்கு சோளகம் வீசும் மாதங்களில் தூர எறிவு பெரிய சோதனை. வளையத்தின் உள்விட்டம் 45 சென்றிமீற்றர், பந்தின் விட்டம் ஏறக்குறைய 24. நேர் நடுவில் இறங்கும் பந்துக்குப் பக்கத்தில் இருக்கும் இடைவெளி ஐந்து விரற்கடைக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். மூன்று புள்ளிக் கோடு வளையத்திலிருந்து 6.75 மீற்றர். அங்கிருந்து எறிந்த பந்து ஒரு வினாடிக்கு மேல் காற்றில் இருக்கிறது; பக்கக் காற்று அதை ஒரு சாண் தள்ளிவிட அது போதும்.

இதில் இரண்டு பாடம். காற்றடிக்கும் நாளில் உன் எறிவு தவறுகிறது என்று கையின் முறையை மாற்றாதே. முறை சரியாகவே இருக்கலாம். அடுத்தது, அந்த மாதங்களைப் பலகைக்குக் கீழே ஆடும் ஆட்டத்துக்குக் கொடு. இரண்டு கையாலும் பலகையில் பட்டு விழும் லே-அப், தரையில் குத்திக் கொடுக்கும் பாஸ், ஒரு காலை ஊன்றி நின்று திரும்பும் பிவட். உயரமாகத் தூக்கிக் கொடுத்த பாஸைத்தான் காற்று கொண்டுபோகும், குத்திக் கொடுத்த பாஸை அவ்வளவு இலகுவில் அசைக்காது. வேற்றூரில் கூரைக்குக் கீழே ஆடப் போகும்போது இவை எதுவும் மறந்துவிடப் போவதில்லை.

உயரம் பற்றியும் கதைத்தோம், ஏனென்றால் மருமகனின் நம்பிக்கை முழுவதும் அதில் இருந்தது. உயரம் அணிக்குள் கூட்டிப்போகும். அதற்குப் பிறகு? பஞ்சாபைச் சேர்ந்த சத்னாம் சிங் ஏழடி இரண்டங்குலம். 2015இல் டல்லாஸ் மாவரிக்ஸ் அவரைத் தெரிவுசெய்தது. இந்தியாவில் பிறந்து அப்படித் தெரிவானவர்களில் முதலாமவர், நாடே கொண்டாடியது. என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில் ஒரு நிமிடமும் அவர் ஆடவில்லை. பிறகு காட்சி மல்யுத்தத்துக்குப் போய்விட்டார். அதே 2015இல் இந்திய வம்சாவளிக் கனேடியரான சிம் புல்லர், ஏழடி ஐந்தங்குலம், சக்ரமென்டோ கிங்ஸ் அணிக்காக இறங்கினார். மூன்று ஆட்டம், எல்லாம் சேர்த்துச் சொற்ப நிமிடங்கள். இவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர்கள் எட்டிய வாசலே எங்களில் யாருக்கும் கனவு. ஆனால் ஆட்டம் வேகமாகிவிட்டது, ஓடித் திரும்பித் தடுக்க முடியாத உயரத்தைப் பயிற்றுநர்கள் நீண்ட நேரம் தளத்தில் வைத்திருப்பதில்லை.

“அப்ப தர்ஜினி அக்கா?” என்றான். இவனுடைய தங்கை வலைப்பந்தாட்டம் ஆடுகிறவள், வீட்டில் அந்தப் பெயர் புழங்கும் போலிருக்கிறது.

நல்ல எதிர்க்கேள்வி. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் ஆறடி பத்தங்குலம். 2009இலும், பிறகு நாற்பதை நெருங்கும் வயதில் 2018இலும், இலங்கை அணி ஆசியக் கிண்ணம் வென்றபோது வளையத்துக்குக் கீழே நின்றவர். வலைப்பந்தாட்ட வளையமும் கூடைப்பந்து வளையமும் ஒரே உயரம்தான், 3.05 மீற்றர். ஆனால் விதி வேறு. வலைப்பந்தாட்டத்தில் ஒவ்வொருவருக்கும் எல்லை உண்டு. கோல் எறியலாம் என்றிருப்பவர்கள் இருவர் மட்டும். தடுப்பவர் எறிபவரிடமிருந்து 0.9 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவும் முடியாது. ஒருவர் ஓரிடத்தில் நின்று ஒரு வேலையை மிகச் சரியாகச் செய்தால் முழு ஆட்டமும் அவரைச் சுற்றி அமைத்துவிடலாம். அவர் அந்த வேலையைச் செய்தார்: யாருக்கும் எட்டாத உயரத்தில் வந்த பந்தை நழுவவிடாமல் பிடித்தார், பிடித்ததைப் போட்டார். வெறும் உயரத்துக்குக் கிடைத்த நிமிடங்களாக அவற்றைச் சொல்வது அநியாயம். உலக அளவில் தடுப்பாளர்கள் அவரை நெருக்கித் தள்ளி ஆடிய ஆட்டங்களைப் பார்த்தால் அந்தப் பிடி எவ்வளவு பழகிய பிடி என்று தெரியும். கூடைப்பந்தில் அதே ஆள் திரும்பி ஓடி எதிரணிக் கார்டையும் மறிக்க வேண்டியிருக்கும். தங்கையிடமிருந்து இவன் கற்க வேண்டியதும் ஒன்றுண்டு: வலைப்பந்துப் பிள்ளைகள் பந்தை மூன்று வினாடிக்கு மேல் வைத்திருக்க முடியாது, அதனால் பந்து வருமுன்னே அடுத்தது யாருக்கு என்று பார்த்துவைக்கிறார்கள். கூடைப்பந்துக்கு வரும்போது அந்தக் கண் அவர்களோடு வருகிறது.

மன்னாரில் முதல் விளையாட்டு உதைபந்தாட்டம். அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை, வருத்தப்படவும் ஒன்றுமில்லை. ஆனால் அதனால் கூடைப்பந்துக்கு ஆட்டங்கள் குறைவு, ஆட்டம் குறைந்தால் வாங்கில் இருப்பவனுக்குக் கிடைக்கும் நிமிடமும் குறைவு. தமிழ்ப் பகுதியில் கூடைப்பந்துக்கென்று பெயர்பெற்ற ஊர் மட்டக்களப்பு. அதற்குக் காரணம் அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து 1948இல் வந்த இயேசுசபைத் துறவி, யூஜின் ஹேபர்ட் அடிகளார். புனித மிக்கேல் கல்லூரியில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைத் தளத்தில் பழக்கியவர். 1990 ஓகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் புறப்பட்டவர் வந்துசேரவில்லை. கூடப் போன இளைஞனும் இல்லை. இன்றுவரை இருவரும் காணாமற்போனோர் பட்டியலில். அங்கே இன்னும் பந்து தட்டும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தவருக்குப் பயிற்சி கொடுத்தவர் என்று சங்கிலி பிடித்துப் போனால் அவரிடம் போய் முடியும். ஒரே ஊரில் பல வயதினரும் ஒரே தளத்தில் ஆடுகிற இடத்தில், பாடசாலை அணியில் நேரம் கிடைக்காத பிள்ளைக்கு வேறொரு ஆட்டத்தில் கிடைத்துவிடும்.

நமக்கு அந்த வசதி இல்லையென்றால் மூவர் ஆட்டம் இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் சேர்ந்த 3x3. அரைத்தளம், ஒரு வளையம், பக்கத்துக்கு மூன்று பேர், ஒரே ஒரு மாற்று வீரர். பத்து நிமிடம் அல்லது யார் முதலில் 21 எடுக்கிறாரோ அதுவரை. மூன்று பேரில் ஒளிந்துநிற்க முடியாது, தடுப்பும் பாஸும் எறிவும் எல்லாம் உன் தலையில். வாங்கில் இருக்கும் நாலுபேர் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இன்னும் நாலுபேரைச் சேர்த்துக்கொண்டால் ஓர் அங்கி வியர்வையில் நனையும் அளவுக்கு ஆட்ட நிமிடம் கிடைக்கும். அதிபரிடம் கேற் திறப்பு வாங்குவது மட்டும்தான் கஷ்டம்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒன்றை மறைக்கக் கூடாது. ஆளைப் பார்த்து நேரம் கொடுப்பதும் நடக்கிறது. சின்ன ஊர், எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ முறை. என் அக்கா அதைத்தான் சொல்கிறாள், தானே போய்ச் சேரிடம் கேட்கப் போவதாகவும் சொல்கிறாள். போகவேண்டாம் என்பது என் கருத்து. தாய் வந்து கேட்டால் அந்த உரையாடல் நீதி நியாயம் பற்றியதாகிவிடும், சேர் தன்னைக் காப்பாற்றப் பதில் சொல்வார். பிள்ளை தனியாகப் போய், ஆட்டம் முடிந்த சூட்டில் அல்லாமல் சாதாரணப் பயிற்சி நாளில், “சேர், நான் எதைத் திருத்தினா உங்களுக்கு என்னை நம்பி இறக்கலாம்?” என்று கேட்டால் அவர் யோசித்தே ஆகவேண்டும். சொன்னதை மூன்று நாலு கிழமை செய்து, திரும்பப் போய் “இப்ப எப்பிடி சேர்?” என்று கேட்கவேண்டும். அதற்குப் பிறகும் ஒன்றும் மாறாவிட்டால் அக்கா சொல்வது சரியென்று வைத்துக்கொள்ளலாம்.

அதற்கு முன் என்னுடைய ஒரு கேள்விக்கு அவன் பதில் சொல்ல வேண்டியிருந்தது. “கிழமைக்கு மூண்டு பிராக்டிஸ்ல எத்தினைக்குப் போறாய்?” “ரியூசன் இல்லாத நாளில போறன் மாமா.” தலைமன்னாரிலிருந்து வருகிற பிள்ளை பஸ் நேரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு மூன்றுக்கும் நிற்கிறான், டவுனில் இருக்கிற இவன் ஒன்றுக்கு. உயர்தரப் பரீட்சை பெரிதில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எந்தெந்த நாள் வரமுடியும் என்பதைப் பருவத் தொடக்கத்திலேயே சேரிடம் சொல்லி, சொன்ன நாளில் தவறாமல் நிற்பது வேறு, நினைத்தபடி வருவது வேறு. அணியின் நகர்வுகளைப் பாதி மட்டும் தெரிந்தவனை நாலாம் கால்பகுதியில் இறக்கினால் மற்ற நால்வரும் அவனைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

கடைசியாக, ஆடக் கிடைக்கும் அந்தச் சில நிமிடம் வந்தேவிட்டால் என்ன செய்வது என்று கேட்டான். இறங்கியதும் எறிந்துவிடத் துடிக்காதே. முதல் தடவை பந்து வந்தால், ஆளில்லாமல் வளையம் திறந்திருந்தாலன்றி, சரியான பாஸாகத் திருப்பிக் கொடு. முதல் ரிபவுண்டுக்கு உடம்பை வை. நீ யாரைப் பிடிக்கிறாய் என்று சத்தமாகச் சொல்லு. அவர்களின் அணி ஃபவுல் எத்தனை என்று இறங்குமுன் பலகையைப் பார். ஒரு கால்பகுதியில் நாலு ஆகிவிட்டால் அடுத்த ஃபவுலுக்கு நமக்கு இரண்டு ஃப்ரீத்ரோ, அப்போது வெளியே நின்று எறிவதை விட உள்ளே ஓடுவது லாபம். நம்முடையதும் நாலு ஆகியிருந்தால் கையைக் கட்டுப்படுத்து.

இன்னுமொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. மாற்றம் கேட்கும் உரிமை விதிப்படி பயிற்றுநருக்கு இல்லை, இறங்கப்போகிறவருக்குத்தான். சேர் கண்ணைக் காட்டியதும் எழுந்து, தானே புள்ளிப்பதிவாளர் மேசைக்குப் போய், கையால் சைகை காட்டிக் கேட்கவேண்டும், அல்லது அங்கே உள்ள மாற்றுக் கதிரையில் இருக்கவேண்டும். உடனே ஆடத் தயாராகவும் இருக்கவேண்டும். பந்து செத்து மணிக்கூடு நின்ற அந்த இடைவெளியில் கேட்காவிட்டால், அடுத்த நிறுத்தம் வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். அது இரண்டு நிமிடமும் ஆகலாம்.

மருமகன் தன் சப்பாத்தைக் குனிந்து பார்த்தான். வாங்கில் இருக்கும்போது லேசைத் தளர்த்திவிடுவானாம், கால் வலிக்குமென்று.

“இனிமே கட்டிக்கொண்டே இரு” என்றேன். கடைக்காரர் சில்லறை இல்லையென்று மிச்சத்துக்கு இரண்டு வாய்ப்பன் தந்தார்.